ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் எந்தக் காகிதத்தைக் கேட்பது?

"ஸ்டேஷன்ல இருந்து பேசறமுங்க. உங்க மேல ஒரு மனு வந்திருக்குது. சாயங்காலம் வந்துட்டுப் போங்க."

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் பெரும்பாலானவர்களுக்குப் போலீஸோடு ஏற்படும் முதல் தொடர்பு இப்படி ஒரு போன்தான். திருட்டோ கொலையோ காரணமாக இருக்காது. ஜாப் ஒர்க் பில் பாக்கி, தறிக்கூலித் தகராறு, ஏலச்சீட்டு, வண்டித்தடம், கிணற்றுப் பங்கு, வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் என்று ஏதோ ஒன்று இருக்கும். போன் வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. போகவேண்டியது கட்டாயமா, போனால் திரும்ப விடுவார்களா, வக்கீல் வேண்டுமா என்று எதுவும் தெரியாது. ஊரில் 'ஸ்டேஷன் பழக்கம்' உள்ள ஒருவரைத் தேடி ஓடுவார்கள். சட்டம் சொல்வது தெரிந்திருந்தால் அந்த ஓட்டத்தில் பாதி மிச்சம்.

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. இதில் 'நடைமுறை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். போலீஸ் ஒரு மனிதரைத் தொடும் ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் உருவாக வேண்டும் என்று சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. மனு ரசீது, முதல் தகவல் அறிக்கை (எப்.ஐ.ஆர்.), நோட்டீஸ், கைதுக் குறிப்பு, கைதுக்கான காரணம், மருத்துவச் சான்று, காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் ரிமாண்ட் உத்தரவு என்று அது வரிசையாகப் போகும். திருப்பூரில் ஒரு ரோல் துணி சாயப்பட்டறைக்குப் போனாலும் சலான் இல்லாமல் போகாது. ஒரு ஆளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் காகிதம் எதற்கு என்று நாம் விட்டுவிடுகிறோம். சுதந்திரம் பறிபோவது அந்தக் காகிதம் இல்லாத நேரத்தில்தான்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. வக்கீல்கள் சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்பார்கள். கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை.

முதலில் சி.எஸ்.ஆர். என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒருவர் மனு கொடுத்ததும் ஸ்டேஷனில் ஒரு பதிவேட்டில் ஏற்றி, எண் போட்ட ரசீது தருவார்கள். பேச்சு வழக்கில் அதுதான் 'சி.எஸ்.ஆர். காப்பி'. அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, வழக்கு அல்ல. வழக்கு தொடங்குவது 173ஆம் பிரிவின்கீழ் பதிவாகும் எப்.ஐ.ஆரில்தான். ஊரில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. மனு கொடுத்தவர் 'கேஸ் போட்டாச்சு' என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார். எதிர்ப்பக்கத்தவரோ 'கேஸ் ஆயிருச்சு' என்று பயந்து, கேட்ட தொகையைக் கட்டிவிட்டு வருவார்.

அதனால் போன் வந்ததும் முதலில் விவரம் கேட்க வேண்டும். குரலை உயர்த்தத் தேவையில்லை. "ஏனுங்க சார், யாரு குடுத்த மனுங்க? சி.எஸ்.ஆர். நம்பரா, எப்.ஐ.ஆர். நம்பரா? சொன்னீங்கன்னா குறிச்சுக்கறனுங்க. நோட்டீஸ் குடுத்தீங்கன்னா அந்தத் தேதிக்கு வந்தர்றனுங்க." இந்த நாலு வரி போதும். பேசியவரின் பெயர், பதவி, ஸ்டேஷன், நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எண் கிடைத்துவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் சி.எஸ்.ஆர். நிலையையும் எப்.ஐ.ஆர். நகலையும் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளின் எப்.ஐ.ஆர். மட்டும் இணையத்தில் ஏறாது.

நோட்டீஸில் இரண்டு வகை உண்டு. 179ஆம் பிரிவு நோட்டீஸ், விஷயம் தெரிந்தவர் என்ற முறையில் சாட்சியாக அழைப்பது. அது எழுத்தில்தான் வரவேண்டும். அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் இதில் அழைக்க முடியும். பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண் பிள்ளைகள், 60 வயது தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பி வந்தால்தான் ஸ்டேஷன். எழுபது வயது அம்மாவை 'மகன் எங்கே' என்று கேட்டு இரவெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இன்னொன்று 35(3) நோட்டீஸ். இது உங்கள்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது, ஆனால் கைது தேவையில்லை என்று போலீஸ் கருதும்போது வருவது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்ன தேதியில் போனால், எழுத்தில் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக்கூடாது, ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதிக் காட்ட வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் போடப்படும் பெரும்பாலான மோசடி, அடிதடி, மிரட்டல் வழக்குகள் அந்த ஏழு ஆண்டுக்குள் அடங்குபவை. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'கொடுத்தாச்சு' என்று கணக்குக் காட்டக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வந்தால் 'சட்டப்படி வரல' என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். 'செய்தி பார்த்தேன், நேரில் நோட்டீஸ் தந்தால் ஆஜராகிறேன்' என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு 'ஒளிந்துகொண்டார்' என்று எழுதினால் அந்த ரசீது பேசும்.

வழக்கே இல்லாமல், மனு அளவிலேயே கூப்பிட்டால் என்ன செய்வது? போகாமல் இருப்பதைவிடப் போவது நல்லது, ஆனால் பகலில் போங்கள். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள். உள்ளே போன நேரத்தை வெளியில் இருப்பவருக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். விசாரணை என்ற பெயரில் தொந்தரவு என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்களில் ஒரே மாதிரியான உத்தரவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தேதியும் நேரமும் குறித்து எழுத்தில் அழைக்க வேண்டும், விசாரித்ததை ஸ்டேஷன் டைரியில் பதிய வேண்டும், துன்புறுத்தக்கூடாது என்பதுதான் அது.

கொங்கு நாட்டில் அதிகம் அடிபடும் விஷயம் பணத் தகராறு. நூல் வாங்கியவர் பணம் தரவில்லை, துணி தைத்துக் கொடுத்தவருக்குக் கூலி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்காகும் என்று ஸ்டேஷனில் மனு கொடுக்கிறார்கள். கொடுத்தவரின் அவசரம் புரிகிறது. ஆனால் வாங்கிய பணத்தைத் திருப்பாதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. வாங்கும் நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும் என உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூல் செய்து தருவது போலீஸின் வேலை அல்ல, அதற்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. செக் திரும்பியிருந்தால் அதற்குத் தனி வழி உண்டு. வங்கியின் திரும்பல் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கிடைத்த 15 நாளுக்குள் அவர் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நேராகப் புகார் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் பேசிக்கொண்டிருந்தே இந்த நாட்களைத் தவறவிட்டு, நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். போலீஸ் பேசி முடித்துவிடுவார்கள் என்று நம்பியதுதான் காரணம்.

இப்படிப்பட்ட பேச்சு முடிவதும் ஒரு காகிதத்தில்தான். அது மிகவும் ஆபத்தானது. 'இன்ன தேதிக்குள் இவ்வளவு தருகிறேன்' என்று எழுதி வாங்குவார்கள். சில சமயம் வெற்று முத்திரைத்தாளிலும் கையெழுத்து கேட்பார்கள். புலன்விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று 181ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தன்மேல் குற்றம் விழும்படியான கேள்விக்குப் பதில் சொல்லவும் கட்டாயம் இல்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. கட்டாயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மறுநாளே, என்ன நடந்தது என்று தேதி, நேரத்தோடு எழுதி எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் நம்புவது கஷ்டம்.

எழுதி வாங்குவதற்குச் சட்ட பலம் உண்டா என்ற கேள்விக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. திருச்செங்கோட்டைப் பின்னணியாகக் கொண்ட ஒரு நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. எழுத்தாளர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2016 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, அந்தப் பேச்சுவார்த்தை முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. சட்டம் ஒழுங்கு என்ற பெயரில் கூட்டத்தின் பக்கம் சாய்ந்து, தனி மனிதரைப் பணிய வைப்பது அதிகாரிகளின் வேலை அல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. கூட்டம் மிரட்டும்போது மிரட்டப்படுபவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பதே போலீஸின் கடமை.

இதே கேள்வி காதல் திருமணங்களில் இன்னும் கூர்மையாக எழுகிறது. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி ஸ்டேஷனில் தஞ்சம் புகுந்தால், இரண்டு வீட்டாரையும் வரவழைத்து மணிக்கணக்கில் பேசுவார்கள். கடைசியில் பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பி வைப்பதும் நடக்கிறது. 18 வயது நிறைந்த பெண் யாரோடு இருப்பது என்பதை அவரே முடிவு செய்வார். அவரை யாரிடமும் 'ஒப்படைக்க' ஸ்டேஷனுக்கு அதிகாரம் கிடையாது. 'பெண்ணைக் காணோம்' என்று வழக்குப் பதிவாகியிருந்தாலும், அவர் தன் விருப்பத்தோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த வழக்கு முடிய வேண்டியதுதான். 2018இல் சக்தி வாகினி வழக்கில், மாவட்டம்தோறும் இதற்குச் சிறப்புப் பிரிவும், இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. நேராக உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போவதைவிட எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பு மனு கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குவது மேல். பிறப்புச் சான்றோ பள்ளி டி.சி.யோ அசல் கையில் இருக்க வேண்டும். வயதைக் காட்ட முடியாமல் போவதுதான் அடிக்கடி காலை வாருகிறது.

இனி கைது. இதில் நான்கு காகிதங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது 36ஆம் பிரிவின் கைதுக் குறிப்பு. குடும்பத்தவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டாவது கைதுக்கான காரணம். இந்தப் பிரிவில் கைது என்று எண்ணைச் சொன்னால் போதாது. என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு என்று எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும், ரிமாண்டுக்குக் கொண்டுபோகக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்துவிட வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்த் தொழிலாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அது சட்டப்படி காரணம் சொன்னதாகாது. மூன்றாவது, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொன்னதன் பதிவு. நான்காவது 53ஆம் பிரிவின் மருத்துவச் சான்று. காயம் இருந்தால் எங்கே, எப்போது ஏற்பட்டது என்று டாக்டர் குறிக்க வேண்டும், நகலைக் கைதானவருக்கே தரவேண்டும்.

பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக்கூடாது. தவிர்க்கவே முடியாத சூழலில் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 60 வயது தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ, மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் இல்லை.

24 மணி நேரக் கணக்கைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிறானாலும் தீபாவளியானாலும் மாஜிஸ்திரேட் வீட்டுக்காவது கொண்டுபோக வேண்டும். தவறு நடப்பது இந்தக் கணக்கின் தொடக்கத்தில். திங்கள் காலை கூட்டிப் போய், 'விசாரணை' என்று உட்கார வைத்து, புதன் மாலை கைதானதாகக் குறிப்பில் எழுதினால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். இடையில் இருக்கும் இரண்டு நாளுக்கு எந்தப் பதிவும் இல்லை. அடி விழுவதும் அந்த நாட்களில்தான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்கென்று அழைத்துப் போகப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியில் உயிரிழந்தார். நம் பக்கத்திலும் இதைவிட நீண்ட கணக்கு உண்டு. வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் சத்தியமங்கலம், அந்தியூர் மலையூர்களில் இருந்து அதிரடிப்படை கூட்டிப் போனவர்களின் புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் அந்த ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கூட்டிப் போன தேதிக்குக்கூட ஆதாரம் இல்லாத ஏழைகள் அந்த நியாயத்துக்காக எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

ஆகவே வீட்டார் செய்ய வேண்டிய முதல் வேலை நேரத்தைப் பதிய வைப்பது. கூட்டிப் போன அரை மணிக்குள் 112க்குப் போன் செய்து, இன்ன ஸ்டேஷன் போலீஸார் இன்னாரை அழைத்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதே செய்தியை எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலக மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். வீட்டு வாசல், பக்கத்துக் கடை, டீக்கடை கேமராப் பதிவுகளை உடனே எடுத்து வையுங்கள், சில நாளில் அழிந்துவிடும். ஸ்டேஷன் கேமராப் பதிவு 18 மாதம் வரை, முடியாவிட்டால் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தேதிப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது "எப்ப கூட்டிட்டு வந்தாங்க, அடிச்சாங்களா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பயந்து 'ஒண்ணும் இல்லைங்க' என்று சொல்லிவிட்டால் அதுவும் பதிவாகிவிடும்.

போராட்டக் கைது தனி ரகம். ஆர்ப்பாட்டம் செய்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் விடுவது வழக்கமாகிவிட்டது. அது 170ஆம் பிரிவின் தடுப்புக் கைதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது. குண்டர் சட்டம் என்று ஊரில் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் வேறு. அதில் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அங்கேயும் காரணங்களும் ஆவணங்களும் எழுத்தில் தரப்பட வேண்டும், ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றம் ரத்து செய்யும் உத்தரவுகளில் பல, ஆவண நகல் சரியாகத் தரவில்லை, அடைக்கப்பட்டவரின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற காரணங்களாலேயே விழுகின்றன.

புகார் கொடுப்பவர் பக்கத்துக்கும் இதே முறைதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்பது 2013இன் லலிதா குமாரி தீர்ப்பு. சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் பக்கத்து ஸ்டேஷனில் கொடுக்கலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். நகல் இலவசம். மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பி, அதற்கும் பலன் இல்லையென்றால் 175(3)இன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மேலதிகாரி யார் என்பதில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களுக்குக் கமிஷனர், அதே மாவட்டங்களின் மற்றப் பகுதிகளுக்கு எஸ்.பி. பொள்ளாச்சி மனுவைக் கோவை கமிஷனருக்கும், தாராபுரம் மனுவைத் திருப்பூர் கமிஷனருக்கும் அனுப்பினால் அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும், நாள்தான் போகும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் நிற்கத் தேவையில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு எல்லா மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது, தொலைபேசி எண் 15100. காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்விட வேண்டும். ஆளையே காணோம், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், சேலம் மாவட்டத்தார் சென்னைக்குப் போக வேண்டும். கரூர்க்காரர்களுக்கும் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்தவருக்கும் மதுரைக் கிளை.